வெளியில் உட்கார ஓர் ஆள்

பீஷ்யா கிண்ணத்தை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது என்று அவள் மகள் லான்யினுக்குத் தெரிந்துபோனது.

பால்கெண்டைக் கஞ்சி. மீனின் வயிற்றுத் துண்டு கொழுப்போடு முழுசாக மேலே கிடந்தது. அதன்மேல் இஞ்சிச் சீவல், வெள்ளை மிளகுத்தூள். தைவானின் தைனான் நகரில் முப்பது வருஷமாகக் கஞ்சிக்கடை நடத்தும் பீஷ்யா அந்த வயிற்றுத் துண்டைச் சாமானியத்தில் யாருக்கும் போட்டுவிடமாட்டாள். தினம் வருகிறவர்கள் கெஞ்சினாலும் "தீர்ந்துபோச்சு" என்று கையை விரிப்பாள். மகள் வந்து உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒன்று முளைக்கும்.

"சாப்பிடு."

"அம்மா, இன்னியோட பதினாலு நாள். தண்ணியா இருக்கறதுதான் உள்ள போகணும்னு டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாதா?"

"கஞ்சி தண்ணியா இல்லாம கல்லாவா இருக்கு?"

"மீன் கிடக்கே."

"மீன் தண்ணியிலதானடி கிடக்கு!"

வேறு நாளாக இருந்தால் லான்யின் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்கள். அதற்காகத்தான் இந்தப் பதினாலு நாள் பட்டினி. கல்லீரல் சுருங்கினால்தான் கருவி உள்ளே போகுமாம். இந்த ஒரு கிண்ணம் உள்ளே போனால் நாளைக்கு டாக்டர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உண்மையைச் சொல்லித் திரும்பி வர வேண்டும்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நூற்றுப் பதினெட்டு கிலோ. நகரப் பேருந்து ஓட்டுநர் வேலை. நம் ஊரில் ஒருத்தர் பருத்துப்போனால் "அதிர்ஷ்டம் ஏறிப்போச்சே!" என்றுதான் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நூறு கிலோவைத் தாண்டினால் மட்டும் அந்த அதிர்ஷ்டத்தைப் பக்கத்து இருக்கையில் உட்காரவிட ஒருத்தருக்கும் மனசு வராது. இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுத்தான் வாழ்ந்திருக்கிறாள் லான்யின்.

கஞ்சியின் ஆவி அவள் முகத்தில் அடித்தது. வெள்ளை மிளகு வாசனை. பதினாலு நாளாகச் சோயா பாலும் வடிகட்டிய சூப்பும் குடித்த வயிறு, நாய்க்குட்டி மாதிரி முனகியது. கை தானாகவே கரண்டியை எடுத்துவிட்டது. மறைப்பானேன், அந்தக் கணத்தில் அவளுக்கே தெரியவில்லை, தான் எந்தப் பக்கம் என்று. அவளோடு பேருந்து ஓட்டும் ஒருத்தி இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு ஒரு வருஷமாகிறது. இளைத்துவிட்டாள்தான். ஆனால் முடி கொட்டிவிட்டது, மூன்று வாய்க்கு மேல் தின்றால் குமட்டுகிறது, கல்யாண விருந்துக்குப் போனால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா கையால் சமைத்ததை இனிமேல் ஆயுசுக்கும் மூன்று வாய்தான் சாப்பிட முடியுமா?

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நாளைக்கு நீ வர்றியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

இதுதான் விஷயம். அறுவை சிகிச்சை நடக்கிற நேரம் முழுக்க, வெளியில் நெருங்கின உறவு ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நடுவில் ஏதாவது என்றால் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் தேதியும் இல்லை, அடுத்த தேதிக்கு நான்கு மாசம். லான்யினுக்கு அப்பா இல்லை. தம்பி வியட்நாமில் செருப்புத் தொழிற்சாலையில். கட்டின புருஷன் என்று ஒருத்தனும் கிடையாது. மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். அந்த அம்மா இரண்டு வாரமாக வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் "கடைய யாரு பாத்துக்குவா?" என்பாள், "அடுப்பு தீயுது பாரு" என்பாள், ஒன்றுமில்லையென்றால் வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்போதும் பீஷ்யா ஈரத்துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"வைத்தியசாமிகிட்ட கேப்போம்," என்றாள் திடீரென்று. "அவரு சரின்னு சொன்னா நான் வர்றதப் பத்தி யோசிக்கிறேன். வேணாம்னு சொன்னா நீ வந்து இந்தக் கிண்ணத்த வழிச்சுச் சாப்பிடணும். சம்மதமா?"

"யோசிக்கிறதெல்லாம் கிடையாது. சரின்னு சொன்னா வரணும்."

பீஷ்யா கிண்ணத்தை ஒரு தட்டால் மூடினாள். அடுப்பை அணைத்தாள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் ஈ காக்காகூட இல்லை.

வைத்தியசாமி கோவில் அங்கிருந்து நாலாவது வாசல். தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் காய்ச்சல் வந்தபோது இந்தச் சாமிதான் மருந்து சொன்னார். லான்யினுக்கும் அவர்தான். அப்போது அவள் மூன்று கிலோகூட இல்லை.

உள்ளே ஆக்வான் அக்கா முக்காலியில் உட்கார்ந்து போனில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிலைப் பெருக்குவதும் ஊதுவத்திச் சாம்பலை அள்ளுவதும் அவள் வேலை. பக்தர்களைத் திட்டுவது அவளாக எடுத்துக்கொண்ட வேலை.

"வாங்க, வாங்க. சாப்பிட்டாச்சா?" என்றாள் நிமிராமல்.

"அதத்தான் கேக்க வந்திருக்கோம்," என்றாள் லான்யின்.

இருவரும் ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். லான்யின் மண்டியிட்டாள். நூற்றுப் பதினெட்டு கிலோவோடு மண்டியிடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முட்டியாக இறக்கினாள். சாமியிடம் பதில் கேட்கிற இரண்டு சிவப்புப் பிறைக்கட்டைகளையும் கைக்குள் மூடிக்கொண்டாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. போடும்போது மேலே தெரிவது ஒன்று தட்டையும் ஒன்று குவிவுமாக இருந்தால் சாமிக்குச் சம்மதம். இரண்டும் குவிவு என்றால் கூடாது. இரண்டும் தட்டை என்றால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார் என்று அர்த்தம். இது மாதிரிப் பெரிய காரியத்துக்கு மூன்று தடவை அடுத்தடுத்துச் சம்மதம் வர வேண்டும்.

முறைப்படி பேரைச் சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். தெரு, சந்து, கதவு எண், மூன்றாவது மாடி என்று விலாசம் சொன்னாள். சாமிக்குத் தெரியாத விலாசமா? இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பேரில் ஊரில் எத்தனை பேர்!

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன் வெச்சிருக்காங்க. செஞ்சுக்கலாமா?"

கட்டைகள் கல்தரையில் விழுந்து துள்ளி நின்றன. இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாரு," என்றாள் பீஷ்யா பின்னாலிருந்து. குரலில் ஒரு சின்ன ஜெயம் இருந்தது. "ஏன் சிரிக்கமாட்டாரு? நீ கேக்கறதே கோணல். உள்ளதச் சொல்லிக் கேளு. ஒல்லியாகணும், சின்னச் சட்டை போடணும், கண்ணாடி முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும்னு கேளு! அதுக்காகப் பெத்தவ குடுத்த வயித்த அறுத்துக் குப்பையில போடலாமான்னு கேளு!"

லான்யினுக்குக் காது சூடானது. திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைகளைப் பொறுக்கினாள்.

"என் உடம்புக்கு இது நல்லதா?"

மறுபடியும் இரண்டும் தட்டை.

"பாத்தியா? பாத்தியா?"

"நிறுத்தும்மா!"

கோவிலுக்குள் அந்தச் சத்தம் மோதித் திரும்பி வந்தது. ஆக்வான் அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். தொடரைவிட இது நன்றாக இருக்கும்போலத் தோன்றியிருக்க வேண்டும்.

லான்யின் மண்டியிட்டபடியே திரும்பினாள். "ஒல்லியாகணுமாம்! எனக்கு முப்பத்தெட்டு வயசு ஆச்சு, இனிமே எவன் பாக்கறதுக்கு? நான் ரெண்டு மாசமா பஸ் ஓட்டல, தெரியுமா உனக்கு?"

"என்னது? தினம் காலையில டிப்போவுக்குத்தான போற?"

"போறேன். போயி டிக்கெட் மிஷின் சுத்தம் பண்றேன். நானே கேட்டு வாங்கிக்கிட்ட வேலை." "ராத்திரி தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு போகுது. மணிக்கு நாப்பது தடவையாம். முகத்துல மாட்டிக்கற மிஷின் குடுத்தாங்க, தூக்கத்துல நானே பிச்சுப் போட்டுடறேன். அதனால பகல்ல கண்ணு தானா மூடிக்குது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து சிக்னல்ல, சிவப்பு விளக்குல நிக்கிறேன். பஸ்ல முப்பது பேரு. கண்ணு மூடினது தெரியல, கால் பிரேக்க விட்டதும் தெரியல. கண்ணாடிய யாரோ தடதடன்னு தட்டுறாங்க. முழிச்சுப் பாத்தா ஒரு பொம்பள, கையில குடை. நடுரோட்ல நிக்குது. வண்டிக்கும் அவ வயித்துக்கும் நடுவுல அரைச்சாண் எடம்தான்மா இருந்துச்சு."

பீஷ்யாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அவ திட்டிட்டுப் போயிட்டா. நான் யாருகிட்டயும் சொல்லல. அந்த அரைச்சாண்தான் ரெண்டு மாசமா என் கண்ணு முன்னாடி நிக்குது. சட்டையாம், போட்டோவாம்!"

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப? 'ஐயோ பாவம், பயந்துட்டியா'ன்னு ஒரு கிண்ணம் கஞ்சி ஊத்தியிருப்ப."

ஆக்வான் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தாள். பீஷ்யா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாகச் சொல்லாததைச் சொன்ன பிறகு லான்யினுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: கரண்டியை எடுத்த கையைவிட அந்தக் குடைக்காரிக்கு அவள் அதிகம் கட்டுப்பட்டவள். செய்துகொள்ளத்தான் போகிறாள். முடி கொட்டினாலும் சரி, மூன்று வாயோடு நின்றாலும் சரி.

சாமிப் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. இப்ப சொல்லுங்க. செஞ்சுக்கலாமா?"

இரண்டும் தட்டை.

மூன்று தடவையும் சிரிப்பு! இத்தனையையும் கொட்டின பிறகும் ஒரு சாமி சிரிக்குமா?

ஆக்வான் அக்கா எழுந்தே வந்துவிட்டாள். கட்டைகளைக் குனிந்து பார்த்தாள். "அடேங்கப்பா. மூணு சிரிப்பா? பன்னெண்டு வருஷத்துல ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் ஒரே காரணம்தான்." இடுப்பில் கை வைத்தாள். "ஏற்கெனவே பதில் சொன்ன கேள்விய மறுபடியும் கேட்டா வேற என்ன செய்வாரு அவரு? உங்ககிட்ட ஒருத்தர் இப்படிக் கேட்டா நீங்க சிரிக்கமாட்டீங்க?"

"நான் இன்னிக்குத்தானக்கா முதல் தடவையா கேக்கறேன்."

"உன்ன யாரு சொன்னா?" ஆக்வான் அக்காவின் பார்வை பீஷ்யாமேல் போய் நின்றது. "திங்கக்கிழமை விடிகாலையில, நான் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னது யாரு? மண்டி போட்டுக் குசுகுசுன்னு பேசினது யாரு? அஞ்சரை மணிக்குக் கட்டை போட்டது யாரு?"

பீஷ்யா ஊதுவத்திக் கிண்ணத்தை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.

"அம்மா."

பீஷ்யா அதன் விளிம்பை விரலால் துடைத்தாள்.

"அம்மா, என்ன கேட்ட?"

"உன் பேரச் சொல்லித்தான் கேட்டேன்," என்றாள் பீஷ்யா தரையைப் பார்த்து. "இந்த ஆபரேஷன் என் பொண்ணு செஞ்சுக்கலாமான்னு."

"என்ன சொன்னாரு?"

"மூணு தடவையும் சம்மதம்."

லான்யினுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. "திங்கக்கிழமையே சரின்னு சொல்லிட்டாரா? அஞ்சு நாளா இத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு, மீன் துண்டத்தக் காட்டி என்ன இழுத்தியா? இன்னிக்கு வேற பதில் வரும்னு நெனச்சு என்னக் கூட்டிட்டு வந்தியா? சாமிகிட்டயே பேரம் பேசற ஆளு நீதாம்மா! சாமியே சரின்னு சொன்ன பிறகு உனக்கு என்ன?"

"சாமி சொல்லுவாரு!" பீஷ்யாவின் குரல் கிழிந்தது. "அவருக்கென்ன, சொல்லிட்டு இங்கயே உக்காந்திருப்பாரு. அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில அவரா வந்து உக்காரப் போறாரு? நான்ல உக்காரணும்!"

ஆக்வான் அக்கா தன் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்கப்பாவுக்கு என்ன ஆபரேஷன்?" என்றாள் பீஷ்யா. "குடல் எறக்கம். ஒரு மணி நேர வேலை, சாயங்காலம் எழுந்து நடப்பாருன்னாங்க. அவரு செருப்ப ஒரு பையில போட்டு என் கையில குடுத்தாங்க. நான் அந்தப் பைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு மணி ஆச்சு. ரெண்டு மணி ஆச்சு. காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. வயிறு சும்மா இருக்குமா? கீழ போயி ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டு வந்துடலாம்னு எறங்கினேன். பத்து நிமிஷம். திரும்பி வந்தா நர்ஸ் ஓடி வருது. 'எங்க போனீங்க, மைக்ல பேரச் சொல்லி எத்தன தடவ கூப்பிட்டோம்'னு கத்துது. என் வாயில எண்ணெய்கூடத் தொடைக்கல."

லான்யினுக்கு அப்போது பதினோரு வயது. அப்பா ஆபரேஷனில் போனார் என்று தெரியும். நூடுல்ஸ் விஷயம் இருபத்தேழு வருஷமாக அவளுக்குத் தெரியாது.

"நீ வந்திருந்தாலும் அப்பா…"

"தெரியும்டி. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. ஆனா கூப்பிட்டப்ப நான் இல்ல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்." முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிலேர்ந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே எனக்குக் காலு நிக்காது. உன்ன உள்ள அனுப்பிட்டு, உன் செருப்ப வெச்சுக்கிட்டு அங்க உக்காரு, உக்காருன்னா, எப்படிடி உக்காருவேன்?"

வா என்று சொன்னால் கொடுமை. வரவேண்டாம் என்றால் நாளைக்கு ஆபரேஷன் இல்லை, இன்னும் நான்கு மாசம் டிக்கெட் மிஷினும் மூச்சு நிற்கிற ராத்திரிகளும்தான். லான்யின் கீழே கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். அம்மாமேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடினாலும் கிடைக்கவில்லை.

கட்டைகளை எடுத்தாள்.

"மறுபடியுமா? அவருக்குக் கோவம் வந்துடும்டி," என்றாள் ஆக்வான் அக்கா.

"இது வேற கேள்விக்கா."

கட்டைகளை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பேர் சொன்னாள். தேதி, தெரு, சந்து, மூன்றாவது மாடி. பிறகு, வீட்டில் பெரியவர் ஒருத்தரிடம் கேட்பதுபோலவே கேட்டாள்.

"சாமி, நான் நாளைக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதப் பத்தி இனிமே கேக்கமாட்டேன். எங்கம்மாவால வர முடியாது. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. காலையில ஏழு மணிக்கு ஆறாவது மாடி. அங்க நீலக் கலர் நாற்காலி போட்டிருக்காங்க. எனக்காக வெளியில உக்கார நீங்க வர்றீங்களா?"

கட்டைகளைத் தூக்கிப் போட்டாள். ஒன்று அவள் முட்டியில் பட்டு நின்றது. மற்றது தரையில் உருண்டு, துணி தொங்கும் படையல் மேசைக்கு அடியில் ஓடி மறைந்தது.

ஆக்வான் அக்கா துடைப்பத்தை எடுத்து வந்து குனிந்தாள். "இரு, இரு, எடுக்காத. எப்படி விழுந்திருக்குன்னு பாக்கணும்."

"அவரு எதுக்கு?" என்றாள் பீஷ்யா.

லான்யின் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கு ஊர்ப்பட்ட வேலை. அவரு எதுக்கு அங்க?" பீஷ்யா ஆக்வான் அக்காவின் துடைப்பத்தைப் பிடித்து நிறுத்தினாள். "நான் வர்றேன்."

"அம்மா, கட்டாயம் இல்ல…"

"வர்றேன்னு சொன்னேன்ல! செருப்பப் பையில போட்டு என்கிட்டயே குடுக்கச் சொல்லு. பசிச்சாலும் சரி, செத்தாலும் சரி, நாற்காலிய விட்டு எந்திரிக்கமாட்டேன். எழுந்திரு இப்ப. முட்டி வலிக்கும்."

கை கொடுத்தாள். லான்யினைத் தூக்க அவளால் எங்கே முடியும்? இருவருமாகச் சேர்ந்து, மேடையைப் பிடித்து, ஆக்வான் அக்கா முதுகில் ஒரு கை வைத்துத் தள்ள, ஒருவழியாக எழுந்தார்கள். ஆக்வான் அக்கா மறுபடியும் துடைப்பத்தோடு மேசைக்கு அடியில் குனிந்தபோது இவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

கடையில் தட்டு மூடின கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது. பீஷ்யா அதை எடுத்து உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். லான்யின் கையைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ என்ன சாப்பிட்ட?"

பீஷ்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும். மோவாய் எலும்பு தெரியுது. உக்காரு."

"எனக்கு வேணாம். ஆறிப்போச்சு."

"உக்காரும்மா. நாளைக்கும் இப்படித்தான். எட்டு மணிக்கு என்ன உள்ள கொண்டுபோவாங்க. அதுக்கப்புறம் நீ கீழ போயி, நூடுல்ஸோ கஞ்சியோ, வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு வா. நான் போகச் சொன்னேன்னு நர்ஸ்கிட்டயே சொல்லிடறேன், உன் போன் நம்பரயும் குடுத்துடறேன். கேட்டுச்சா?"

பீஷ்யா உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். மீனின் வயிற்றுத் துண்டை இரண்டாக உடைத்துப் பெரியதைப் பழக்கத்தில் மகள் பக்கம் நகர்த்தினாள். நகர்த்தின பிறகுதான் ஞாபகம் வந்தது. அதைத் திரும்ப இழுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அழுதாள்.

லான்யின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கிண்ணத்தை முடிக்கிறவரை எழுந்திருக்காமல் இருந்தாள்.